பழைய பானைக்காரர்கள்

திருத்தணி தாலுகா கச்சேரிக்கு எதிரே, புளியமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்து பதினெட்டு வருஷமாக அர்ஜி எழுதுகிறேன். என் பெயர் கண்ணையன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் எதற்காவது பயந்துகொண்டுதான் வருவார்கள். அந்தப் பயத்துக்கு மேலே 'மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் சமூகத்துக்கு' என்று ஒரு வரி சேர்த்துக் காகிதத்தில் இறக்கிக் கொடுப்பதுதான் என் தொழில். தாசில்தாரைக் கண்டு பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போலீசைக் கண்டு பயந்தவர்களையும், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மூட்டை முடிச்சோடு மலைப்படி ஏறினவர்களையும் பார்த்திருக்கிறேன். சரித்திரத்தைக் கண்டு பயந்தவன் புங்கங்கண்டிகை கஜபதி ஒருவன்தான். அந்தப் பயத்தை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் வருஷம், மாசி மாசம். புங்கங்கண்டிகை என்பது பொதட்டூர்பேட்டை போகிற வழியில், ஒரு ஏரிக்குக் கீழே இருக்கிற நாற்பது வீட்டு ஊர். கஜபதிக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நஞ்சை. நவரைப் பட்டத்து நெல் பால் பிடிக்கிற சமயம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் நெல் வீட்டுக்கு வரும், பாயாவிட்டால் வைக்கோல்கூட வராது. ஏரியில் தண்ணீர் தளதளவென்று நின்றது. ஆனால் மதகைத் திறக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்துவிட்டது.

'மாமூலாக ஏரிப் பாசனம் அனுபவித்து வரும் ஊர்களுக்கு மட்டுமே தண்ணீர் விடலாம். ஓர் ஊர் மாமூலானதா இல்லையா என்பது சரித்திர பூர்வமாகத் தீர்மானிக்கப்பட வேண்டும்' என்பது உத்தரவு. தீர்மானிப்பதற்காகச் சரித்திர நிர்ணய சபை என்று ஒன்று பட்டணத்திலிருந்து பதினான்கு டிரங்குப் பெட்டிகளோடு ரயிலில் வந்து இறங்கியது. சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, முதல் வேலையாக அக்கம்பக்கத்து மதகுகளுக்கெல்லாம் சீல் வைத்தது. சங்கிலி போதவில்லை என்பதால் புங்கங்கண்டிகை மதகுக் கம்பத்துக்கு மட்டும் கச்சேரியில் கட்டுக்கட்டாய்க் கிடந்த சிவப்பு நாடாவைச் சுற்றி, முடிச்சில் அரக்கு வைத்தார்கள்.

ஊரார் என்னிடம் ஓடிவந்தார்கள். நான் அர்ஜி எழுதினேன். 'தொன்றுதொட்டு அனுபவித்து வருகிறோம்' என்று அதில் ஒரு வரி. அந்த வரி இல்லாமல் நான் எந்த அர்ஜியும் எழுதினதில்லை. காணாமற்போன எருமை விஷயமாக எழுதினாலும் அந்த வரி இருக்கும். நாற்பது வீட்டுக்காரர்களில் முப்பத்தொன்பது பேர் கைநாட்டு வைத்தார்கள். கஜபதி மட்டும் இரண்டாம் வகுப்பு வரை போனவன், ஆசையாகக் கையெழுத்துப் போட்டான். மூன்றாம் நாள் அவன் பெயருக்குச் சம்மன் வந்தது.

துணைக்கு என்னைக் கூப்பிட்டான். போனேன். சத்திரத்து வாசலில் 'உரக்கப் பேசாதீர். சரித்திரம் நிர்ணயமாகிறது' என்று பலகை தொங்கியது. அதைப் படித்ததும் கஜபதி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். செருப்பை வாசலில் விட்டவன், அதையும் ஏதாவது தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று திரும்பிப் போய்ச் சுவரோரமாக நேராக அடுக்கி வைத்துவிட்டு வந்தான்.

உள்ளே சபைத் தலைவர் ராவ்பகதூர் பரந்தாமன் உட்கார்ந்திருந்தார். பழைய சாசனங்களைப் படித்துப் படித்துக் கண்ணாடி தடித்துப் போனவர். பக்கத்தில் குமாஸ்தா சடகோபன், மையில் தோய்த்த பேனாவோடு.

"தொன்றுதொட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நீர்தானே?" என்றார் தலைவர்.

கஜபதி என்னைப் பார்த்தான். நான் சத்திரத்துத் தூணைப் பார்த்தேன்.

"ஆங்... நான்தாங்க."

"எந்த வருஷத்திலிருந்து?"

"எங்க நைனா காலத்துலருந்துங்க. அவுங்க நைனா காலத்துலருந்து."

"உம்முடைய நைனா பெயர்?"

"தொரக்கண்ணுங்க."

"அவருடைய தகப்பனார்?"

"கஜபதிங்க."

"அது உம்முடைய பெயர்."

"ஆங். தாத்தன் பேரைத்தான் பேரனுக்கு வெப்பாங்க."

"அந்தக் கஜபதிக்குத் தகப்பனார்?"

"தொரக்கண்ணுங்க."

"அவருக்கு?"

"கஜபதிங்க."

சடகோபனின் பேனா நின்றது. தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதும் சடகோபன். முதலாம் கஜபதி, இரண்டாம் கஜபதி, இவர் மூன்றாம் கஜபதி. இடையிடையே துரைக்கண்ணுகள். திட்டமாக ஒரு வம்சம்! ஐயா, உம் முன்னோர்கள் என்னென்ன போர் செய்தார்கள்?"

"போரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எங்க தாத்தன் பங்காளிங்களோட வரப்புக்காக அடிச்சிக்கினாரு."

"எல்லைப் போர். வெற்றி யாருக்கு?"

"ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில கெடந்தாங்க."

"முடிவு தெளிவில்லை" என்று சடகோபன் எழுதிக்கொண்டார்.

கஜபதி என் காதருகே குனிந்தான். அவன் மூச்சு சுட்டது. "ரைட்டரய்யா, என்னை ராஜான்னு எழுதறாங்களே. சீமையில ராஜா இருக்கசொல்ல நான் ராஜான்னா, புடிச்சி உள்ள போட மாட்டாங்க?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 

தலைவர் ஆதாரங்களைக் கேட்க ஆரம்பித்தார். கல்வெட்டு உண்டா என்றார். துணி தோய்க்கிற கல்லுதான் கீது என்றான். செப்பேடு உண்டா என்றார். செம்பு ஒன்று இருந்தது, ஓட்டையாகிவிட்டதால் போகிக்கு முன்னால் பாத்திரக்காரனிடம் போட்டாகிவிட்டது. ஓலைச்சுவடி? அரித்துப்போனதைப் போகியில் எரித்துவிட்டார்கள். பழைய பத்திரம், பட்டா, ஏதாவது காகிதம்? பானையில் போட்டு வைத்திருந்தார்கள். பானையோடு போகியில் போய்விட்டது.

"ஆளுங்க கீறாங்க சாமி" என்றான் கஜபதி, ஏதோ பிடி கிடைத்த மாதிரி. "பங்காருன்னு எங்க ஊரு கம்புகட்டி. ஏரித் தண்ணிய மடை மடையா திருப்பி வுடறவரு. அம்பது வருசமா அந்த மதவ அவருதான் தொறக்கறாரு. கூட்டியாரட்டுங்களா?"

"உயிரோடு இருக்கிறாரா?"

"நல்லா கீறாருங்க."

"அப்படியானால் உபயோகமில்லை" என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு. பிறகு எழுந்து நின்றார். சத்திரத்துக் காற்றே நின்றுவிட்டாற்போல் இருந்தது. "ஐயா, உயிரோடு இருக்கிறவனுக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகம் இருக்கிறவனுக்கு ஆசை இருக்கும். ஆசை இருக்கிறவன் பொய் சொல்வான். ஆகவே உயிருள்ளவன் சாட்சி இந்தச் சபையில் செல்லாது. எழுதி வைத்துவிட்டு இறந்துபோகச் சொல்லும். நூறு வருஷம் கழித்து அந்தக் காகிதம் வந்தால் மரியாதையோடு பரிசீலிப்போம். நான் முப்பது வருஷமாகச் சரித்திரம் எழுதுகிறேன். ஒரு மனிதனிடமும் எதையும் கேட்டதில்லை. அந்தத் தூய்மையினால்தான் எனக்கு இந்தப் பட்டம் கிடைத்தது. ஒன்று நினைவிருக்கட்டும். ஆதாரம் இல்லாதது எதுவோ, அது நடக்கவே இல்லை."

வெளியே வந்ததும் கஜபதி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். பொய்கையில் காவடிக்காரர்கள் முழுகி எழுந்து அரோகரா போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. முருகனைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். குனிந்து கேட்டால், "உசுரோட கீறவன் சாச்சி செல்லாது, ஆதாரம் இல்லாங்காட்டி நடக்கவே இல்ல" என்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். எதையாவது மறந்து, அதற்கு ஒரு தண்டனை இருந்துவிட்டால்?

அடுத்த வாரம் சபையே ஊருக்கு வந்துவிட்டது. ஏரிக்கரைத் தோப்பில் கூடாரம் அடித்தார்கள். தோண்டிப் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்திருந்தார், இளங்கோவன் என்று பெயர், சின்ன வயசு. தலைவருக்கு எழுத்தில் எவ்வளவு நம்பிக்கையோ, அவ்வளவு நம்பிக்கை அவருக்குக் குப்பையில். "மக்கள் பொய் சொல்வார்கள். குப்பை பொய் சொல்லாது" என்று சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றி வந்து, கஜபதியின் எருக்குழிக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்டவன் குழி என்பதால் அதையே முதலில் தோண்டினார்கள்.

நகல் எடுக்க ஆள் வேண்டும் என்று சடகோபன் என்னையும் இழுத்துப் போயிருந்தார். ஆகவே நடந்ததெல்லாம் என் கண்ணால் கண்டது. அந்தக் காரணத்தாலேயே சபை விதிப்படி அது செல்லாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்று நாள் தோண்டினார்கள். இளங்கோவன் வறட்டித் துண்டு ஒவ்வொன்றையும் தூரிகையால் துடைத்து, நூல் பிடித்து அளந்து, படம் எழுதினார். ஊர் ஜனங்கள் தூரத்தில் கும்பலாக நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. துரைமார் வந்து சாணத்தை அளந்தால் அடுத்து வரி வரும் என்பது அவர்கள் அனுபவம். மூன்றாம் நாள் சாயங்காலம் இளங்கோவன் குழிக்குள்ளிருந்து எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேலே சாணம்" என்றார். "சாணத்தில் கலந்து கிடக்கும் ஓடுகள் சிவப்பு. புதுப் பானை. அதற்குக் கீழே ஒரு சாண் சாம்பல். சாம்பலுக்குள்ளே உடைந்த கறுப்புப் பானைகள், எரிந்த பாய், எரிந்த முறம். சாம்பலுக்குக் கீழே வெறும் தரை. ஊரில் இன்னும் பதினோரு குழியில் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் இதேதான். இந்த ஊரில் கறுப்புப் பானை வைத்திருந்த ஒரு ஜாதி மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஒரே நாளில், வீடு தவறாமல், அவர்கள் சொத்தெல்லாம் தீக்கு இரையாகியிருக்கிறது. அதன்மேல் சிவப்புப் பானையோடு வேறொரு கூட்டம் வந்து குடியேறியிருக்கிறது."

"எப்போது?" என்றார் தலைவர்.

"சாம்பலின் ஈரத்தைப் பார்த்தால், போன ஜனவரி பதின்மூன்றாம் தேதி வாக்கில்."

எல்லோரும் புங்கங்கண்டிகை ஜனங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வீட்டு வாசலிலும் பொங்கலுக்கு வாங்கின சிவப்புப் பானைகள் கவிழ்த்து வைத்திருந்தன.

கஜபதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓரடி பின்வாங்கினான். ஆனாலும் பேசினான். அவனுடைய பயிர் அங்கே தலை சாய்ந்துகொண்டிருந்தது.

"சாமி, அது போகிங்க! மார்கழில எருவெல்லாம் வாரி நெலத்துல அடிச்சிட்டோம். குழி காலி. அப்பால போகிக்குப் பழைய சட்டிபானைய ஒடச்சிப் போட்டு, பாயி மொறம் கொளுத்தனோம். மறுநாளு பொங்கலுக்குப் புதுப் பானை. வருசா வருசம் இதே கதைதாங்க."

"இந்த ஊரில் போகி கொண்டாடப்பட்டதற்கு எழுத்து ஆதாரம் உண்டா?" என்றார் தலைவர்.

"உங்க ஊட்லயும் கொண்டாடுவாங்களேங்க."

"கொண்டாடினோம். கிழிந்த கோரைப்பாய் இரண்டை என் கையாலேயே எரித்தேன். என் மனைவி மூன்று பானைகளை உடைத்தாள். ஆனால் ஐயா, அது என் சொந்த அனுபவம். கண்ணால் கண்டதை ஆராய்ச்சியில் கலப்பது சரித்திரக்காரன் செய்யக்கூடிய பாவங்களில் பெரியது. நான் வீட்டில் மனிதன். இங்கே சரித்திரம்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உண்மையைச் சொல்லும். பழைய பானைக்காரர்களை என்ன செய்தீர்கள்?"

கஜபதி வாயைத் திறப்பதற்குள் கணக்கு வந்துவிட்டது. 

"நாற்பது அடுப்பு. அடுப்புக்கு ஐந்து பேர். இருநூறு பேர் காணவில்லை" என்றார் இளங்கோவன் நோட்டைப் பார்த்து. "இப்போது ஊரில் இருப்பதும் இருநூறு பேர். கணக்கு நேராகப் பொருந்துகிறது. தலைக்கு ஒருவர் வீதம் தீர்த்திருக்கிறார்கள்."

ஊரில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. சாம்பல் விழுந்தால் அதற்கும் ஒரு கேள்வி வருமே! பிள்ளைகளை வீட்டுக்குள்ளே அடைத்தார்கள். இருநூறு கொலைக்கும் தூக்குத்தான் என்று ஒருவன் சொல்ல, இரண்டு குடும்பம் விடிந்ததும் நகரிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு வண்டி கட்டிவிட்டது. பங்காரு தான் எழுபது வயசு வரை உயிரோடு இருந்ததுதான் தப்பு என்று அழுதார். இருநூறு பேர் நிஜமாகவே செத்திருப்பார்களோ, நமக்குத்தான் தெரியவில்லையோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. படித்தவர்கள் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மறுநாள் புங்கமரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எழுதினது நான்தான். 'இவ்வூர் மதகுத் தண்ணீர் பழைய பானைக்காரர்களுக்கே உரியது. அவர்கள் முப்பது நாளைக்குள் தக்க ஆதாரங்களோடு சபை முன்பு ஆஜராக வேண்டும். தவறினால் அவர்கள் அழிந்துபோனதாக நிர்ணயிக்கப்படும்.'

பயிருக்கு அதிகமாகப் போனால் எட்டு நாள்தான் உயிர். நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கஜபதி வரப்பில் உட்கார்ந்து வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தான். முழங்கை வரை போயிற்று.

அவன் பெண்சாதி அம்சா நோட்டீசைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள்.

"இன்னா மாமா இது? பழைய பானை யாருது? நம்மளுது. அப்போ பழைய பானைக்காரங்க நாமதானே? வா, போயி நிப்போம்."

"வேணாமே. வாயத் தொறந்தா வேற எதுனா எழுதிக்குவாங்க."

"எழுதிக்கினு போவட்டும். நெல்லு சாவுதே!"

கூடாரத்தில் ஒரு மேஜை நிறைய ஓடுகளைப் பரப்பி, வெள்ளை மையால் நம்பர் போட்டிருந்தார்கள். அம்சா நேராகப் போய் முப்பத்தேழாம் நம்பரைக் கையில் எடுத்தாள்.

"இது என் கொழம்புச் சட்டிங்க. ஆடிக் கிருத்திகைக்கு மொத நாளு பூனை தள்ளி வுட்டு வெளிம்பு போச்சி. அந்த வெளிம்போடவே தை வரைக்கும் ஓட்டனேன். நான் பழைய பானைக்காரிங்க. தண்ணி வுடச் சொல்லுங்க."

தலைவர் குனிந்து அந்த ஓட்டின் நம்பரைச் சரிபார்த்தார்.

"அம்மா, நீ பழைய பானைக்காரியாக இருந்தால் எரிந்துபோயிருக்க வேண்டும். நீ எரியவில்லை. ஆகவே நீ புதுப் பானைக்காரி. ஒரு புதுப் பானைக்காரிக்கு அந்தச் சட்டியின் விளிம்பு உடைந்த நாள்கூடத் தெரிந்திருக்கிறது என்றால், சம்பவத்துக்கு எவ்வளவு காலம் முன்பே நீங்கள் வந்து பதுங்கியிருந்து பார்த்திருக்கிறீர்கள்! சடகோபன், 'நெடுநாளைய திட்டம்' என்று எழுதும்."

அம்சா கையிலிருந்த ஓட்டுத் துண்டைப் பிடுங்கி மேஜைமேல் வைத்து, அவளை இழுத்துக்கொண்டு கஜபதி வெளியே ஓடினான். நிழலுக்குப் போனதும் வாந்தி எடுத்தான். அதன்மேல் பரபரவென்று மண்ணைப் போட்டு மூடினான், அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று.

ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள் உச்சி வேளை. சபையார் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டுத் தோப்பில் ஜமக்காளம் விரித்துப் படுத்திருந்தார்கள். தலைவரின் குறட்டை ஒன்றுதான் கேட்டது. நான் ஒரு மரத்தடியில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் கஜபதியும் அம்சாவும் வருவது தெரிந்தது. பின்னால் தள்ளாடிக்கொண்டு பங்காரு.

"நைனா, எனக்குக் கை வரல" என்றார் பங்காரு கஜபதியிடம். "அம்பது வருசம் நான் தொறந்தது பொய்யின்னுட்டாங்க. நெசமாவே நான் தொறந்தேனான்னு எனக்கே தெரியல."

அம்சா புடவையை இழுத்துச் செருகினாள். "நீ எறங்கறியா, நான் எறங்கட்டா மாமா?"

கஜபதி இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நடந்து மதகுக் கம்பத்தருகே போய் நின்றான். முதலில் சிவப்பு நாடாவைக் கும்பிட்டான். பிறகு தொட்டான். இருபது நாள் வெயிலில் அரக்கு இளகி முடிச்சிலிருந்து எப்போதோ வழிந்து போயிருந்தது. நாடா தானாகவே அவன் கையோடு வந்தது. அவன் அலறிவிட்டான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தைக் கட்டிப் பிடித்து மேலே தூக்கினான். அடியில் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. நான் எழுதுகிற காகிதத்தை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கும் பிள்ளை குட்டி உண்டு.

கால்வாய் தோப்பு வழியாகத்தான் போகிறது. தண்ணீர் சத்தத்தில் தலைவர் எழுந்துவிட்டார். சபை கூடியது. ஊரும் கூடியது. கஜபதி எதிரே நின்றான். இடுப்புக்குக் கீழே வேட்டி சொட்டிக்கொண்டிருந்தது. கையில் சிவப்பு நாடா. அதைக் கீழே போட்டால் குற்றமா, வைத்திருந்தால் குற்றமா என்று தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றிச் சின்ன உருண்டையாக்கிக்கொண்டிருந்தான்.

"மதகைத் திறந்தது யார்?" என்றார் தலைவர். "நீர்தானே? சொல்லும்!"

 ஏதோ சொல்ல வேண்டும். கஜபதிக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். அதுதான் வாயில் வந்தது. சாமர்த்தியமாகச் சொன்னான் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அவனிடம் அப்போது சாமர்த்தியம் ஒரு துளியும் இல்லை, பயம்தான் இருந்தது.

"நான் உசுரோட கீறேங்க" என்றான். "என் சாச்சி செல்லாதுங்களே."

 சடகோபன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "செல்லாதுதான்" என்றார் மெதுவாக.

"எதிரே ஈர வேட்டியோடு நிற்கிறானே! நானே பார்க்கிறேன்!" என்றார் தலைவர்.

"கண்ணால் கண்டது சொந்த அனுபவம், ஐயா" என்றார் சடகோபன்.

"வேட்டி ஆதாரம்" என்று இளங்கோவன் குறுக்கே வந்தார். "ஈரத்தை அளந்தால் எத்தனை மணிக்கு நனைந்தது என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் ஈரம் ஏரியுடையதா, கிணற்றுடையதா, பயத்தினால் வந்ததா என்று முதலில் பிரிக்க வேண்டும்."

எப்படிப் பிரிப்பது என்று தலைவரும் அவரும் தர்க்கம் பண்ணினார்கள். மேற்கோள்கள் காட்டினார்கள். அளவுநூல் எடுக்க ஆள் போனான். ஒரு மணி நேரமாயிற்று. கஜபதி வெயிலில் அசையாமல் நின்றான். மாசி வெயில் என்றாலும் நம் ஊர் வெயில். அளவுநூல் வந்தபோது வேட்டி மொடமொடவென்று காய்ந்திருந்தது.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார்.  "ஆதாரம் இல்லாதது நடக்கவில்லை. மதகு திறக்கப்படவில்லை. எழுதும்."

சடகோபன் எழுதினார். தண்ணீர் அவர் காலடியைத் தாண்டி வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படியானால் மூடச் சொல்லட்டுமா?" என்றார் இளங்கோவன்.

"திறக்காத மதகை மூட உத்தரவிடுவது எப்படி?" என்றார் தலைவர். அவர் நேர்மையானவர் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த வருஷம் புங்கங்கண்டிகையில் நெல் வீட்டுக்கு வந்தது. சபை பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மணவூர்ப் பக்கம் வேறொரு ஊரை நிர்ணயிக்கப் போய்விட்டது. ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. சபை பெயர்ப்பலகையிலிருந்த கிரீடத்தைச் சுரண்டி எடுத்தார்கள் என்று கேள்வி. மற்றதெல்லாம் அப்படியே இருந்ததாம்.

அடுத்த போகிக்கு முதல் நாள் கஜபதி என் பலகைக்கு வந்தான். துண்டில் சுற்றி ஒரு பழைய சட்டி வைத்திருந்தான். ஊரெல்லாம் பழசை வாசலில் கொண்டுவந்து குவித்தாயிற்றாம். இவன் வீட்டில் மட்டும் அம்சாவோடு சண்டை, இதை உடைக்கக் கூடாதென்று.

"ரைட்டரய்யா, இதும்மேல எம் பேரும் தேதியும் எழுதிக் குடுங்க. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா?"

எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. கச்சேரிக்குச் சபையின் அறிக்கை அச்சாகி வந்திருந்தது, தலையணை கனத்தில். உள்ளே போய் வாங்கி வந்து, புங்கங்கண்டிகைப் பக்கத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். 'இவ்வூரின் தொல்குடிகளான பழைய பானைக்காரர்கள் ஏரியை வெட்டி, மதகைக் கட்டி, நெடுங்காலம் வாழ்ந்தார்கள். மூன்று கஜபதிகள் அவர்களை ஆண்டனர். முப்பது நாள் கெடுவுக்குள் அவர்களில் ஒருவரும் ஆஜராகாமையால், அனைவரும் மாண்டனர் என்று இச்சபை நிர்ணயிக்கிறது.'

கஜபதி சட்டியை மாரோடு அணைத்துக்கொண்டான்.

"அப்போ நாங்க செத்துட்டோமா?"

"அச்சாகிவிட்டதே, கஜபதி."

 பத்து மாசமாக அவன் முகத்தில் இருந்த பயம் ஒரு நிமிஷம் விலகினாற்போல் இருந்தது.

"அப்போ இனிமே நான் சொன்னா செல்லுமா?"

"செல்லும்" என்றேன். "இன்னும் நூறு வருஷம் போகட்டும்."